சிறகிகளுக்கு நான் கேட்ட நான்கு வாரம்

போன மாதம் எனக்கு ஒரு ட்ரோன் படம் வந்தது. அனுப்பியவர்கள் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் நாலைந்து பேர். கல்லூரியில் படிக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பறவை பார்க்கக் கிளம்புகிறார்கள். படத்தில் ஓர் ஏரி. பச்சைத் துணியில் மிளகு கொட்டியதுபோல் பறவைகள். "தேனுதி, இப்போ கம்ப்யூட்டரே எண்ணிடுது தெரியுமா? நீங்கள்லாம் ஸ்டூல் போட்டு உக்காந்து எண்ணின காலம் முடிஞ்சுது. எங்க ஆண்டு மலருக்கு உங்க அனுபவத்தை எழுதித் தாங்க. வேலையை ஏன் விட்டீங்கன்னும் எழுதுங்க" என்று கூடவே ஒரு செய்தி. தேனு என்பது நான்; 'தி', அதாவது திதி, என்றால் வங்காளத்தில் அக்கா.

எழுதுகிறேன். ஆனால் கோபமாகத்தான் எழுதுவேன். பிடிக்காதவர்கள் இப்போதே பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

எனக்கு முப்பத்தொரு வயது. இந்த வயதில் 'ஓய்வு பெற்றவள்' என்று எழுதிக்கொள்வது சிரிப்பாக இருக்கலாம். ஆனால் நான் செய்துகொண்டிருந்த வேலை முடிந்துவிட்டது, திரும்பப் போவதில்லை. அதற்கு வேறு என்ன பெயர்? விலங்கியல் படித்தேன், மேற்படிப்பும் முடித்தேன், கரியாஹாட்டில் ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில் இருந்த சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தேன். ஏழு வருடம். படித்ததையும் பழகியதையும் பற்றிச் சொல்ல இதற்கு மேல் ஒன்றுமில்லை. எங்கேயாவது கட்டடமோ சாலையோ வரப்போகிறது என்றால் அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்று போய்ப் பார்த்து அறிக்கை எழுதித் தருவது எங்கள் நிறுவனத்தின் தொழில். நீர்ப்பறவைகள் என் பங்கு. அவற்றிலும் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்று.

சீழ்க்கைச் சிறகி. வங்காளத்தில் ஷொராலி என்பார்கள். நம் வாத்தைவிடச் சின்னது. உடம்பு செம்பழுப்பு, கழுத்து நீளம், ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி. வாத்து என்றால் 'குவாக்' என்று கத்தும் என்று நினைப்பவர்கள் இதைக் கேட்டால் ஏமாந்துபோவார்கள். இது சீட்டியடிக்கும். பறக்கும்போது இரண்டு சுரத்தில், மெல்லிதாக, யாரோ தெருமுனையிலிருந்து சிநேகிதனைக் கூப்பிடுகிற மாதிரி. குளிர்காலத்தில் கொல்கத்தாவின் ஏரிகளில் பகல் முழுக்கக் கூட்டம் கூட்டமாக மிதந்தபடி தூங்கும். பொழுது சாய்ந்ததும் ஒன்று எழும், இரண்டு எழும், அப்புறம் மொத்த ஏரியும் எழுந்து நெல்வயல்களுக்கு இரை தேடப் போய்விடும். குளிர் முடிந்ததும் இந்தக் கூட்டம் கலைந்து, ஜோடி ஜோடியாகப் பிரிந்துவிடும். மழைக்காலத்தில்தான் முட்டையிடும். எங்கே? மரப்பொந்தில். காக்கையோ பருந்தோ விட்டுப்போன பழைய கூட்டில். சில சமயம் தரையில், கோரைக்குள். இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது. தேர்வில் நானே எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

இனி பத்மா மேடம். எங்கள் பிரிவின் தலைவி. ஐம்பது வயதைத் தாண்டியவர், கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். வீட்டில் பேசுகிற தமிழில் பாதி வங்காளம் கலந்திருக்கும். அவர் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. களத்துக்கு வரும்போது மடக்கு ஸ்டூல், டெலஸ்கோப், ஒரு கமலா ஆரஞ்சு. ஏரிக்கரையில் உட்கார்ந்ததும் ஆரஞ்சை உரிக்க ஆரம்பிப்பார். உரித்து முடிக்கும்வரை யாரும் எண்ணக் கூடாது. "ஷோனோ, கேளு தேனு, மொதல்ல பார்க்கணும். எண்ணறது அப்புறம்" என்பார்.

எண்ணுகிற முறையைச் சொல்கிறேன், கம்ப்யூட்டர் பிள்ளைகள் கேட்டுக்கொள்ளட்டும். முதலில் பத்துப் பறவைகளை ஒன்றொன்றாக எண்ணி, அந்தப் பத்து டெலஸ்கோப்புக்குள் எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணுக்குப் பழக்க வேண்டும். பிறகு இடது ஓரத்திலிருந்து வலது ஓரத்துக்கு, நிறுத்தாமல், அந்த அளவைப் பத்துப் பத்தாக நகர்த்திக்கொண்டே போக வேண்டும். ஒரு பத்துக்குக் கையிலுள்ள எண்ணுகருவியில் ஒரு அமுக்கு. நடுவில் கூட்டம் எழுந்து வேறிடத்தில் உட்கார்ந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு பேர் சற்றுத் தள்ளித் தள்ளி உட்கார்ந்து தனித்தனியாக எண்ணுவார்கள். முடிந்ததும் இளையவர்தான் முதலில் எண்ணைச் சொல்ல வேண்டும். மூத்தவர் சொன்னதைக் கேட்டுவிட்டால் இளையவரின் எண் தானாக அந்தப் பக்கம் சாய்ந்துவிடும் என்பது மேடத்தின் கணக்கு. இரண்டும் வெகுதூரம் விலகியிருந்தால் தப்பு என்று சொல்லமாட்டார். ஆரஞ்சில் ஒரு சுளையை என்னிடம் நீட்டி, "இன்னொரு தடவை" என்பார். அவ்வளவுதான்.

"பார்த்ததை மட்டும் சொல்லு. நிரூபிக்க முடிஞ்சதை மட்டும் கேளு. அதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினாலும் அது பறவை பார்க்கறவ பேச்சு இல்ல, மீட்டிங் பேச்சு." இதை அவர் சொல்லும்போது நான் வேதவாக்காக வாங்கிக்கொண்டேன்.

வாங்கிக்கொள்ளக் காரணமும் இருந்தது. இரண்டாவது வருடம், ஒரு தொழிற்சாலை வளாகத்துக் குளத்தை எண்ணிக் கொடுத்திருந்தோம். அவர்களுடைய மேலாளர் அலுவலகத்துக்கு வந்து, எண் கொஞ்சம் அதிகமாகத் தெரிகிறதே, 'சரிசெய்ய' முடியுமா என்று இளித்தார். மேடம் தன் பச்சைப் பேனாவை மூடி வைத்தார். "எண்ணைக் குறைக்க முடியாது. ஆனா உங்களுக்கு ஒரு ஸ்டூல் தர்றேன், நாளைக்குக் காலையில வந்து நீங்களே எண்ணுங்க" என்றார். அந்த ஆள் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் கரியாஹாட் கூட்டத்தில் இடிபட்டு நடந்தபோது எனக்குக் கால் தரையில் படவில்லை. இப்படி ஒரு ஆளின் கீழ் வேலை செய்கிறேனே என்று! அந்தப் பெருமையை நினைத்தால் இன்றைக்கு எரிகிறது.

ஏழாவது வருடம் ஹோக்லா ஜீல் வந்தது. டாலிகஞ்சிலிருந்து தெற்கே ஆட்டோ, அதற்கப்புறம் டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷா பிடித்துப் போனால் வீடுகள் முடிகிற இடத்தில் ஓர் ஏரி. சுற்றிலும் சம்பங்கோரை. கரைமேல் மண்பாதை, பாதையோரம் வரிசையாக வயதான தூங்குமூஞ்சி மரங்கள். பக்கத்தில் அடுக்குமாடி வளாகம் கட்டப் போகிறார்கள். ஏரியைத் தூர்க்கவில்லை, அதை 'அழகுபடுத்துவார்கள்'. கரை மண்பாதையை அகலப்படுத்தி வளாகத்துக்கு வழி அமைப்பார்கள். அதாவது மரங்கள் போகும்.

ஜூலையில் மூன்று காலை போனேன். மழை. பூட்ஸுக்குள் தண்ணீர். தண்ணீரைப் பார்த்தேன், கோரையைப் பார்த்தேன், கோரைக்குள் இடுப்பளவு இறங்கியும் தேடினேன். இரண்டு மூன்று சிறகிகள் மட்டும் தாமரை இலைகளுக்கு நடுவே இருந்தன. கூடு இல்லை, குஞ்சு இல்லை. அலுவலகத்துக்கு வந்து படிவத்தை நிரப்பினேன். 'இனப்பெருக்கத் தடயம்' என்று ஒரு கட்டம். அதைக் காலியாக விட்டால் சிவப்பாகிவிடும், படிவம் போகாது. பூஜ்யம் போட்டேன். போனது.

மரத்தைப் பார்க்கவில்லை. மூன்று காலையும் மரங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவற்றின் நிழலிலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். நீர்ப்பறவைக் கணக்கெடுப்புக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம் இது. ஏழு வருடமாக முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் வைத்துப் பழகிய கழுத்து, வாத்தைத் தேடி அண்ணாந்து பார்க்கவில்லை.

ஆகஸ்டில் வேறொரு வேலையாக அந்தப் பக்கம் போனவள், ஆசைக்கு ஜீலை எட்டிப் பார்த்தேன். கரையில் பூர்ணிமா மாஷி கல்மிக்கீரை, நம் வள்ளைக்கீரை, பறித்துக் கட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அந்த ஏரியிலிருந்து கீரையும் பானிபல் என்கிற நீர்க்கொட்டையும் பறித்துச் சந்தையில் விற்கிறவர். ஜூலையில் மூன்று நாளும் என்னைப் பார்த்திருக்கிறார். மாஷி என்றால் சித்தி, எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வங்காளத்தில்தான் பேசினோம்.

"என்ன, வாத்துக்காரம்மா! மறுபடியும் வந்துட்டியா? இந்தத் தடவையும் சேத்துல இறங்கப் போறியா?"

"ஷொராலி இல்லையே மாஷி, இறங்கி என்ன பண்ண?"

அவர் கீரைக்கட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "இல்லையா? யார் சொன்னது?"

"நான்தான். மூணு நாள் தேடினேனே."

"நீ தண்ணியில தேடின. முட்டை வைக்கறவ தண்ணியிலயா வைப்பா? தலையைத் தூக்கு." அரிவாளால் மேலே காட்டினார்.

தூங்குமூஞ்சி மரத்தின் கிளையில், என் தலைக்கு நேர் மேலே, ஒரு சிறகி நின்றுகொண்டிருந்தது. வாத்துக்கால்களை வைத்துக்கொண்டு, மரக்கிளையில், காக்கை மாதிரி சாவகாசமாக. பக்கத்தில் பொந்து. பொந்துக்குள்ளிருந்து இன்னொரு தலை எட்டிப் பார்த்தது.

"மழை வந்தா எப்பவும் இங்கதானே இருக்கும். எங்க தெருவுல சின்னக் குழந்தைக்கும் தெரியும்."

"அப்போ ஏன் மாஷி எங்கிட்ட சொல்லலை?"

"நீ கேட்டியா? பெரிய குழாயைக் கண்ணுல வச்சுக்கிட்டு உம்முனு உக்காந்திருந்த. படிச்ச பொண்ணு ஏதோ தெரிஞ்சுதான் செய்யுதுன்னு விட்டுட்டேன்."

சிரித்தார். அடுத்த ஐந்து நாட்கள், காலையும் மாலையும், விடுப்பு எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு மரத்தையும் பார்த்தேன். ஒன்று அடை காக்கும், மற்றது வெளியே காவல் நிற்கும், பிறகு மாற்றிக்கொள்ளும். அந்த மாற்றத்தைப் பார்த்தால்தான் கூடு என்று எழுதுவது என்று வைத்துக்கொண்டேன். பொந்துகளில் ஐந்து, பழைய பருந்துக்கூட்டில் ஒன்று. ஆறு கூடுகள். என் பூஜ்யத்துக்குப் பதில் ஆறு.

மரம் வெட்டும் ஆட்கள் அடுத்த வாரமே வருகிறார்கள் என்று மாஷிதான் சொன்னார். துர்கா பூஜைக்கு முன்னால் பாதையைத் திறந்துவிட வேண்டுமாம்.

திருத்திய படிவம், படங்கள், நேரக்குறிப்பு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனேன். கதவை மூடச் சொன்னார். பச்சைப் பேனாவைத் திறந்து முதல் வரியிலிருந்து படித்தார். ஒரு கால்புள்ளியைக்கூடத் திருத்தினார். கடைசிப் பக்கம் வந்ததும், "ரொம்ப நல்லா பண்ணியிருக்க. அடை மாத்தறதைப் பார்த்து உறுதி பண்ணினது பிரமாதம்" என்றார்.

"அப்போ அனுப்பிடலாமா மேடம்?"

"எங்க அனுப்ப? அறிக்கை போய் மூணு வாரமாச்சு. அனுமதியும் வந்தாச்சு."

"தப்பான அறிக்கை மேடம்."

"யாரோட தப்பு?"

நான் படிவத்தின் கீழே இருந்த என் கையெழுத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"நான் சுத்தி வளைக்கலை தேனு. அந்த ஜீரோ நீ போட்டது. இதை அனுப்பினா மொதல்ல கேப்பாங்க, இவ பண்ணின மத்த அறிக்கையெல்லாம் எப்படின்னு. ஒவ்வொண்ணா தோண்டுவாங்க. உனக்கு இப்போதான் ஏதோ பேர் வந்திருக்கு. உஃப், யோசிச்சுப் பாரு."

"கூட்டுல முட்டை இருக்கு மேடம். நீங்க கண்ணால பாருங்க. ஸ்டூல் நான் தூக்கிட்டு வர்றேன்."

அவர் முகம் ஒரு நொடி மாறியது. பிறகு பேனாவை மூடினார். "நான் பேசிப் பார்க்கறேன். நீ எங்கயும் போய் நிக்காத."

பேசவில்லை. மறுநாள் கேட்டேன், "பார்க்கலாம்" என்றார். அதற்கு மறுநாள் ஃபோனை எடுக்கவில்லை. எண்ணைக் குறைக்க மாட்டேன் என்று ஒரு மேலாளரைத் துரத்திய அதே பெண்! எண் தன் அலுவலகத்துக்குள்ளிருந்து வந்து தன் மேசையில் நின்றதும் அவருக்கும் குறைக்கத் தெரிந்தது. அவர் கெட்டவர் என்றிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை, பகுதி மக்களுக்கு வளாகத்தைப் பற்றி விளக்குவதற்காக ஜீலுக்குப் பக்கத்து கிளப்பில் ஒரு கூட்டம் நடந்தது. சுவரில் கால்பந்துக் கோப்பைகள், ஓரத்தில் கேரம் பலகை, பிளாஸ்டிக் நாற்காலிகள். மேடையில் ஓர் அரசு அதிகாரி, கட்டுமான நிறுவனத்தின் பிரதிநிதி, எங்கள் நிறுவனத்தின் சார்பில் பத்மா மேடம். கடைசி வரிசையில் மாஷியும் நானும். கேள்வி இருக்கிறதா என்று அதிகாரி கேட்டதும் எழுந்தேன். வங்காளத்தில் சொன்னேன்: "இந்த அறிக்கையில் பறவைகள் இங்கே கூடு கட்டுவதில்லை என்று எழுதியிருப்பது நான். அது தவறு. நான் மரத்தைப் பார்க்கவில்லை. மரங்களில் ஆறு கூடுகள் இருக்கின்றன."

நாற்காலிகள் கிறீச்சிட்டன. கட்டுமான நிறுவனத்து ஆள் மிக மரியாதையாகக் கேட்டார். "திதி, போன மாசம் நீங்க எண்ணினது தப்புன்னா, இந்த மாசம் எண்ணினது மட்டும் சரின்னு எப்படி நம்பறது?"

சிரிப்பு எழுந்தது. அப்போது பத்மா மேடம் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு, என்னைப் பார்த்து, அந்தக் கூடத்தில் என்னைத் தவிர யாருக்கும் புரியாத மொழியில், மெதுவாகச் சொன்னார். "தேனு, உக்காரு. உன் கையெழுத்துதான் அதுல இருக்கு. என்னுது இல்ல. அழிஞ்சா நீதான் அழிவ. நான் உன்னைக் காப்பாத்தத்தான் பார்க்கறேன்."

வீட்டுமொழி. அம்மா என்னை அதட்டுகிற மொழி. அதை இதற்குப் பயன்படுத்தினார்.

நான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி, அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் வங்காளத்தில் சொன்னேன். "மேடம் தமிழில் சொன்னது இது" என்று ஆரம்பித்து, "காப்பாற்றத்தான் பார்க்கிறேன்" வரைக்கும். மேடம் மைக்கிலிருந்து கையை எடுக்கவேயில்லை.

மாஷி எழுந்தார். "அந்தப் பொண்ணை ஏன் கேக்கறீங்க? நூறு அடி தூரம்தான். வாங்க, அண்ணாந்து பாருங்க. கழுத்து வலிச்சா நான் எண்ணெய் தேய்ச்சு விடறேன்."

கூட்டம் சிரித்தது, இந்தத் தடவை எங்கள் பக்கம் நின்று. அதிகாரி குடையை எடுத்துக்கொண்டு உண்மையிலேயே வந்தார். மழைத் தூறலில் நின்று பார்த்தார். கிளையில் நின்ற சிறகி அவரைக் குனிந்து பார்த்தது. "அட, மரத்துல வாத்து" என்றார் சின்னப் பிள்ளைபோல. பிறகு என் பக்கம் திரும்பி, "சரி, உங்களுக்கு என்ன வேணும்? தெளிவாச் சொல்லுங்க. இங்கயே முடிவு பண்ணிடலாம்" என்றார்.

இதோ, இந்த இடம். இதை எழுதத்தான் இவ்வளவும் எழுதினேன்.

என் தலைக்குள் அப்போது இருந்தது முட்டைகளின் கணக்கு மட்டும்தான். கடைசி ஜோடி எப்போது அடையில் உட்கார்ந்தது, குஞ்சு பொரிக்க மூன்று வாரத்துக்குச் சற்று மேல், குஞ்சுகள் கீழே குதிக்க இரண்டு நாள். நிரூபிக்க முடிந்ததை மட்டும் கேட்டுப் பழகியவள் நான். வாய் தானாகத் திறந்தது.

"நாலு வாரம் சார். நாலு வாரம் மரத்தைத் தொடக் கூடாது."

"ஒத்துக்கறோம்" என்றார் கட்டுமான நிறுவனத்து ஆள். நான் வாயை மூடுவதற்குள். அந்த வேகத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், ஐயோ, நானும் தட்டினேன்.

அந்த நான்கு வாரத்தில் நான் பார்த்ததை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. ஒரு காலை, ஏழு மணி இருக்கும். தாயோ தகப்பனோ, எது என்று நம்மால் சொல்ல முடியாது, மரத்தடிப் புல்லில் இறங்கி நின்று தாழ்ந்த குரலில் சீட்டியடித்தது. பொந்தின் வாயில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு பஞ்சுருண்டை வந்து நின்றது. கீழே பார்த்தது. குதித்தது. இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் இருக்கும். புல்லில் விழுந்து, பந்துபோல் ஒரு தடவை எம்பி, எழுந்து நடந்தது. அடுத்தது, அடுத்தது. மாஷி விரல் விட்டு எண்ணினார், நான் எண்ணுகருவியை அமுக்கினேன், ஒன்பது. கடைசிக் குஞ்சு தயங்கித் தயங்கி நின்றபோது மாஷி, "குதிடி கழுதை, உங்க அம்மா ஆபீசுக்குப் போகணும்" என்றார். குதித்தது. வரிசையாகப் பாதையைக் கடந்து தண்ணீருக்குள் இறங்கின.

அலுவலகத்தில் என்னை வேலையைவிட்டுத் தூக்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். தூக்கவில்லை. பத்மா மேடம் சந்தேஷ் இனிப்பு டப்பாவோடு என் மேசைக்கு வந்தார். கிளப்பில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "பார்த்தியா, எல்லாருக்கும் நல்லபடியா முடிஞ்சுது" என்றார். சம்பளம்கூட உயர்ந்தது. நிறுவனத்தின் இணையதளத்தில் என் படம் வந்தது, 'பொறுப்பான வளர்ச்சி' என்ற தலைப்பின் கீழ்.

காளி பூஜை முடிந்த வாரம் மாஷி ஃபோன் செய்தார். "மரமெல்லாம் போச்சு மா. காலையில ஆரம்பிச்சாங்க, சாயங்காலம் லாரியில ஏத்திட்டாங்க." நான் டோட்டோவில் போகும்போதே கட்டுமான நிறுவனத்துக்கு ஃபோன் போட்டேன். அதே ஆள், அதே மரியாதை. "திதி, நாங்க வார்த்தை மீறலையே. நாலு வாரம்னீங்க, எட்டு வாரம் காத்திருந்தோம். எல்லாம் உங்க அறிக்கைப்படிதான்."

என் அறிக்கைப்படி! அலுவலகத்துக்குப் போய்க் கோப்பை எடுத்துப் பார்த்தேன். என் திருத்திய படிவம் பின்னிணைப்பாக, என் கையெழுத்தோடு, அழகாகச் சேர்க்கப்பட்டிருந்தது. அதன்கீழ் மேடம் ஒரு வரி சேர்த்திருந்தார்: அனைத்துக் கூடுகளும் கண்காணிக்கப்பட்டன, பறவைகள் வெளியேறிவிட்டன, இனி மரங்களை அகற்றத் தடையில்லை. பொய் ஒன்றுமில்லை. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. முதல் அறிக்கை என் தவறால் மரங்களைக் கொல்லப் பார்த்தது என்றால் இரண்டாவது அறிக்கை என் சரியால் கொன்றது. அதே பறவை வருடா வருடம் அதே மரத்துக்கு வரும் என்று தெரியும். நூறு வயது மரத்தில்தான் பொந்து விழும் என்று தெரியும். தெரிந்தும் நான்கு வாரம் கேட்டேன். மரத்தைக் கேட்டிருக்க வேண்டும். அந்த அதிகாரி மழையில் நனைந்துகொண்டு, வாய் பிளந்து நின்ற அந்த ஒரு நிமிடத்தில் நான் மரத்தைக் கேட்டிருந்தால்?

கிடைத்திருக்காது என்று மேடம் சொன்னார். கிடைத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. கேட்கவே இல்லையே என்றுதான் சொன்னேன். சொல்லிவிட்டு ராஜினாமாக் கடிதத்தை மேசையில் வைத்தேன். அவர் பழக்கதோஷத்தில் பச்சைப் பேனாவைத் திறந்தார். நான் கடிதத்தைப் பிடுங்கி, திறந்த பேனாவுக்கு எட்டாத தூரத்தில் வைத்தேன்.

வீட்டில் அப்பா, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், செய்தித்தாளை மடித்துவிட்டுச் சொன்னார். "முப்பது வருஷம் இருந்தேன். எத்தனையோ கப்பல் மூழ்கியிருக்கு. ஒண்ணுக்காவது நான் ராஜினாமா பண்ணியிருக்கேனா?"

"நீங்க மூழ்கடிச்ச கப்பலா இருந்தா பண்ணியிருப்பீங்கப்பா."

அவர் செய்தித்தாளை மறுபடி விரித்துக்கொண்டார்.

ட்ரோன் பிள்ளைகளுக்கு ஒன்று. உங்கள் ட்ரோன் தண்ணீரை நேர்த்தியாக எண்ணட்டும். இலைக்கு அடியில் கிளையில் நிற்கிற வாத்தை அது மேலிருந்து பார்க்காது. நான் கீழே உட்கார்ந்தே பார்க்கவில்லை. ஏரியோரத்துக் கீரைக்காரியிடம் கேளுங்கள். கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, உங்களிடம் ஒருவர் 'என்ன வேண்டும்' என்று கேட்டால், உங்கள் கையிலிருக்கும் ஆதாரத்தின் அளவுக்குக் கேட்காதீர்கள். அந்தப் பறவைக்குத் தேவையான அளவுக்குக் கேளுங்கள்.

இந்த ஜூனில் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு புதுப் பையன் ஃபோன் செய்தான். நல்ல குரல், அவசரக் குரல், ஏழு வருடத்துக்கு முந்திய என் குரல் மாதிரி.

"தேனுதி, ஹோக்லா ஜீல் வளாகத்துல சிறகிக்குக் கூட்டுப்பெட்டி வைக்கறோம். துவாரம் எவ்வளவு அகலம் வேணும்? பத்மா மேடம் உங்களைத்தான் கேக்கச் சொன்னாங்க."

"எதுல மாட்டப் போறீங்க? மரம் ஏது?"

"லைட் கம்பத்துல, தேனுதி."

"லைட் எரியுமா?"

"எரியும். ஆறு மணியிலேர்ந்து விடியற வரைக்கும்."

நான் அவனைத் திட்டவில்லை. வெளிச்சத்தில் அடை காக்காது என்று சொன்னேன். ஏரியின் மறுகரையில், விளக்கில்லாத பக்கத்தில், தனிக் கழி நட்டு மாட்டச் சொன்னேன். துவாரத்தின் அளவையும் சொன்னேன், பறவை என்ன பாவம் செய்தது. எழுதிக்கொண்டான். "ஆனா என் பேரை எங்கயும் போடாதீங்க" என்றேன்.

"அது... வாசல் பலகையில ஏற்கெனவே எழுதியாச்சே தேனுதி. உங்க வழிகாட்டுதல்ல மழைக்காலப் பறவைகளைக் காப்பாத்தின வளாகம்னு."

மறுநாள் காலை டாலிகஞ்சில் ஒரு ஹார்டுவேர் கடையில் கறுப்பு பெயின்ட் ஒரு டப்பாவும் இரண்டு அங்குலத் தூரிகையும் வாங்கினேன். வளாகத்து வாசலில் காவலாளி பெயர் கேட்டார். சொன்னேன். பலகையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, சலாம் வைத்து, ஏறி நிற்பதற்குத் தன் நாற்காலியையே தந்தார். நான் ஏறி நின்று என் பெயரை எழுத்து எழுத்தாக மூடினேன். பிறகு மிச்ச வரியையும் மூடினேன். "திதி, மழை வந்தா இது போயிடாதா?" என்று கீழேயிருந்து கேட்டார்.

கடைக்காரரிடம் இரண்டு தடவை கேட்டுத்தான் வாங்கியிருந்தேன். போகாது.